ஆத்தங்குடி அச்சும் ஒரு பக்கக் கோப்பும்: திறந்த வன்பொருள் வடிவமைப்பைத் தேடி எடுத்துப் பயன்படுத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் தரை பெயர்ந்துவிட்டது. அதே பூ, அதே அளவில் முப்பது நாற்பது கல் வேண்டும் என்று வீட்டுக்கார ஆச்சி ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்கு உடைந்த கல்லைக் கொடுத்தனுப்பினார். பட்டறையில் அந்தப் பூவுக்கு அச்சு இல்லை. பித்தளைத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து அச்சு செய்து கொடுத்தவர் வயதாகி வேலையை நிறுத்திவிட்டார். காரைக்குடியில் மெக்கானிக்கல் படிக்கும் அக்கா மகனிடம் பட்டறைக்காரர் கேட்டார். த்ரீ-டி பிரின்டரில் அடித்துவிடலாம், யாராவது ஏற்கெனவே வரைந்து இணையத்தில் போட்டிருப்பார்கள் என்றான் அவன்.

யாரோ போட்டிருந்ததும் உண்மை. அதைக் கண்டுபிடிப்பதற்கும், கண்டதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று தெரிந்துகொள்வதற்கும் இடையில் நடந்ததுதான் இந்த ஆய்வு. கோப்பு வேலைகளில் அவர்களோடு கூட இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வீட்டையும் பட்டறையையும் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறேன். காரணம் கடைசியில் வரும்.

அச்சு என்ன வேலை செய்கிறது

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளையும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் ஒரு கலர் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை ஆடாமல் நேராக மேலே தூக்கினால் தகடு இருந்த இடைவெளியை இரண்டு பக்கக் கலரும் நகர்ந்து மூடிக்கொள்ளும். அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவி, பிறகு சாந்து வைத்து மட்டம் பார்ப்பார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி, மறுபடி காய்ந்தபின் கண்ணாடி கழன்று வரும். மேலே தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

ஆகவே அச்சின் உயிர் அதன் சுவர்க் கனத்தில் இருக்கிறது. பித்தளைத் தகடு மெல்லியது. பிரின்டரில் வழக்கமாக இருக்கும் 0.4 மி.மீ. நாசிலில் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை), தாங்கக்கூடிய சுவர் வேண்டுமென்றால் இரண்டு வரி ஓட்ட வேண்டும், 0.8 மி.மீ. ஆகிவிடும். அந்த அகலத்தைக் கலர் மூட வேண்டும். கரைசல் தண்ணியாக இருந்தால் ஒன்றோடொன்று கலந்து பூ அழியும். கெட்டியாக இருந்தால் நடுவில் வெள்ளைக் கோடு விழும். இந்தப் பதத்தைப் பட்டறைக்காரர் விரலால் தொட்டுச் சொல்கிறார். எந்தக் கோப்பிலும் அது எண்ணாக இல்லை.

தேடல்

முதல் சிக்கல், எந்தப் பெயரில் தேடுவது என்பது. ஆத்தங்குடி டைல் என்று தட்டினால் விற்பனைப் படங்கள்தான் வருகின்றன. ஆங்கிலத்தில் இதே வகைக் கல்லுக்குச் சிமென்ட் டைல், என்காஸ்டிக் டைல் என்று இரண்டு மூன்று பெயர். அதிலும் என்காஸ்டிக் என்றால் சூளையில் சுட்ட மண் கல்லும் சேர்ந்து வந்துவிடும். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நீரியல் மொசைக் என்ற பொருள் தரும் பெயரில் அழைக்கிறார்கள். பையன் ஒவ்வொரு பெயரையும் போட்டுப் பார்த்தான். நல்ல கோப்பு கடைசியில் ஸ்பானிஷ் சொல்லில்தான் அகப்பட்டது.

அகப்பட்டவற்றில் மூன்றைப் பற்றிச் சொன்னால் போதும்.

முதலாவது, மாடல் பகிரும் தளம் ஒன்றில் இருந்த எஸ்டிஎல் கோப்பு. எஸ்டிஎல் என்பது ஒரு பொருளின் மேற்பரப்பை முக்கோணங்களாக வெட்டி அவற்றின் ஆயத்தொலைவுகளை எழுதி வைக்கும் வடிவம். அந்த எண்கள் இஞ்சா, மில்லிமீட்டரா என்று சொல்ல அதில் இடமே கிடையாது. பட்டறைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏ மாப்ளே, இதுல எத்தனை இஞ்சுனு எங்க போட்டிருக்கு?”

“போடலை மாமா. வெறும் இருநூறுன்னு இருக்கு. மில்லிமீட்டரா இருக்கும். கிட்டத்தட்ட நம்ம எட்டு இஞ்சுதான்.”

கிட்டத்தட்ட என்ற சொல்லில்தான் வினை இருந்தது. ஐரோப்பாவில் இந்தக் கல் 20 செ.மீ. சதுரம். இங்கே எட்டு இஞ்சு, அதாவது 203.2 மி.மீ. ஒரு கல்லில் 3.2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பத்துக் கல்லை வரிசையாகப் பதித்தால் 32 மி.மீ., ஒன்றேகால் இஞ்சு. புதுத் தரைக்கு அது பொருட்டே அல்ல. பழைய தரையின் நடுவில் ஒட்டுப் போடும்போது பூ பூவோடு சேராது. பட்டறைக்காரர் வரைபடத்தை நிஜ அளவில் தாளில் எடுத்துவரச் சொல்லி, ஆச்சி கொடுத்த கல்லை அதன்மேல் கவிழ்த்து வைத்தார். இரண்டு ஓரமும் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பிரின்டரை ஓட்டுவதற்கு முன்னாலேயே முதல் கோப்பு போனது.

எஸ்டிஎல்லில் அளவை நீட்டலாமே என்று தோன்றும். நீட்டினால் சுவர்க் கனமும் சேர்ந்து நீளும்; வரைந்தவர் திருத்தி வேலை செய்த மூலக் கோப்பு இல்லாமல் ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. வேறொருவர் செய்ததைத் திருத்திப் பயன்படுத்த வேண்டும் என்றால் ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட் போன்ற வரையும் மென்பொருள்களின் மூலக் கோப்பு வேண்டும், குறைந்தபட்சம் அவற்றுக்கிடையே வடிவத்தைப் பரிமாறும் ஸ்டெப் கோப்பாவது வேண்டும். ஸ்டெப்பில் அலகும் எழுதப்பட்டிருக்கும். யாரும் எடுத்துச் செய்யவும் திருத்தவும் விற்கவும் வடிவமைப்பை வெளியிட்ட பொருள்தான் திறந்த வன்பொருள். அதற்கு 2011-இல் வெளியான வரையறையின் முதல் பதிப்பே, திருத்துவதற்கு ஏற்ற வடிவில் வடிவமைப்புக் கோப்பைத் தர வேண்டும் என்கிறது. எஸ்டிஎல்லை மட்டும் போட்டுவிட்டுத் திறந்த வன்பொருள் என்று பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பாத பழக்கம். சமைத்த குழம்பை நீட்டிக் கைப்பக்குவம் சொன்னதாகக் கணக்குக் காட்டுவது போன்றது அது.

இரண்டாவது கோப்பில் அளவு, மூலம், படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. உரிமம் மட்டும், படைப்புகளைப் பகிர்வதற்கென்று எழுதி வைத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வணிகமற்ற வகை. பட்டறை கல் விற்றுத்தான் பிழைக்கிறது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் திறந்த வன்பொருள் வரையறைக்குள் வராது. ஆனாலும் திறந்த வன்பொருள் என்று குறிச்சொல் போட்ட பக்கங்களில் இப்படிப்பட்டவை நிறையக் கிடக்கின்றன.

முதல் கோப்புக்கோ உரிமமே போடவில்லை. எதுவும் எழுதாமல் விட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் நேர்மாறானது: எழுதாதவரை எல்லா உரிமையும் போட்டவருக்கே. பதிவு செய்யாத வடிவத்தை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருவாக்கினால் அதில் பதிப்புரிமை ஓய்ந்துவிடும் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 15ஆம் பிரிவு சொல்வதை ஒரு நண்பர் எடுத்துக்காட்டினார். அது கோப்புக்கும் பொருந்துமா, வெறும் வேலைக் கருவியான அச்சுக்குப் பொருந்துமா என்று வாதிட ஆரம்பித்தால் வக்கீல் ஃபீஸ் கல் விலையைத் தாண்டிவிடும். பட்டறைக்கு வேண்டியது வழக்கில் ஜெயிப்பது அல்ல, வழக்கே வராமல் இருப்பது.

மூன்றாவதுதான் உதவியது. கோப்புகளைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியம். ஃப்ரீகேட் மூலம், பக்க அளவும் சுவர்க் கனமும் தனித்தனியாக மாற்றக்கூடிய அட்டவணை, ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன் எழுதிய திறந்த வன்பொருள் உரிமத்தின் 2ஆம் பதிப்பில் டபிள்யூ வகை (வகைகளைப் பின்னால் சொல்கிறேன்). இவ்வளவு இருந்தும் தேடலில் அது மேலே வரவில்லை. பக்கத்தில் படம் இல்லை, குறிச்சொல் இல்லை, விவரம் ஒரே வரி. செய்து பார்த்தார்களா என்பதற்கும் தடயம் இல்லை.

ஏற்கெனவே இருக்கும் தரநிலைகள்

தரவைப் பற்றிய தரவை ஒழுங்காக எழுதும் பழக்கம் புதிதல்ல. நூலகத்தாரும் இணையத்தாரும் 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் டப்ளின் என்ற ஊரில் கூடிப் பேசியதிலிருந்து டப்ளின் கோர் வந்தது. அதன் அடிப்படைக் கூறுகள் பதினைந்து. தலைப்பு, ஆக்கியவர், தேதி, உரிமை என்று எதற்கும் பொருந்தும். அச்சுக்கு அது போதாது. என்ன கருவி வேண்டும், எந்தப் பொருளில் செய்தது, யாராவது செய்து பார்த்தார்களா என்பதற்கு அதில் இடமில்லை. ஆராய்ச்சித் தரவுக்கு 2016-இல் வந்த ஃபேர் கோட்பாடுகள் கண்டுபிடிக்க, அணுக, இணைக்க, மறுபடி பயன்படுத்த என்று நான்கு இலக்கு வைத்தன. இலக்குகள் சரிதான், ஆனால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பட்டறைக்குச் சொல்லாது.

வன்பொருளுக்கென்றே வந்தவை மூன்று. திறந்த வன்பொருள் சங்கமான ஓஷ்வா 2016-இல் தொடங்கிய சான்றிதழ் ஒன்று. செய்தவரே உறுதிமொழி கொடுத்துப் பதியலாம். நாட்டுக் குறியும் ஆறு இலக்கமும் சேர்ந்த அடையாள எண் தருவார்கள். இந்தியாவுக்கு ஐ-என். ஜெர்மானியத் தரநிலை நிறுவனமான டின் 2020-இல் வெளியிட்ட டின் ஸ்பெக் 3105 இரண்டாவது. ஆவணம் போதுமானதா என்பதை அந்தந்தத் தொழில்நுட்பத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது; சுற்றுப்பலகைக்கு வேண்டியது வேறு, பற்றவைத்த இரும்புக்கு வேண்டியது வேறு. தரநிலைகளைக் காசு கொடுத்து வாங்குவதே வழக்கமாக இருக்கும் உலகில், இதைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள்.

மூன்றாவது ஓப்பன் நோ-ஹவ், சுருக்கமாக ஓகேஎச். முதல் பதிப்பு 2019-இல் வந்தது. வடிவமைப்புக் கோப்புகளை எங்கும் நகர்த்தச் சொல்லாது. அவை இருக்கும் இடத்திலேயே மேனிஃபெஸ்ட் என்ற சிறிய உரைக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டால், தேடும் நிரல்கள் அதைப் படித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். யாமல் வடிவத்தில், அதாவது கட்டத்தின் பெயரும் அதற்கான விடையுமாக வரி வரியாக, எழுதுவது. நோட்பேட் இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓப்பன்.நெக்ஸ்ட் திட்டம் இதையே வளர்த்து, பல தளங்களிலிருந்து மேனிஃபெஸ்டுகளைத் திரட்டும் திறந்த வன்பொருள் நூலகம் ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. எங்களுக்கு எளிய முதல் பதிப்பே போதுமானதாக இருந்தது.

மேனிஃபெஸ்டை நிரப்பியது

பையன் மூன்றாவது கோப்பை எடுத்து, பக்கத்தை 203.2 ஆக்கி, தூக்குவதற்குக் கைப்பிடி சேர்த்து, சுவரின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் சரித்தான். கல் நன்றாக வந்தது. வெளியிடும் முன் மேனிஃபெஸ்ட் எழுத உட்கார்ந்தபோது அவன் மடிக்கணினியில் தனியாக எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னான். பட்டறையில் உட்கார்ந்து எழுதலாம் என்று நான் சொன்னேன். அவன் தனியாக எழுதியிருந்தால் பாதிக் கட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும். கட்டங்களின் பெயர்கள் மூலத்தில் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

தலைப்பு: சிமென்ட் தரைக்கல் அச்சு, அளவு மாற்றக்கூடியது
எதற்கு: பிரஸ் இல்லாமல் கண்ணாடி மேல் கையால் வார்க்கும் கல்லுக்கு
குறிச்சொற்கள்: ஆத்தங்குடி, பூக்கல், அச்சு, ஆங்கில, ஸ்பானிஷ் பெயர்கள்
எதிலிருந்து வந்தது: மூலக் களஞ்சியத்தின் முகவரியும் பதிப்பும்
செய்து பார்த்ததா: ஆம்
வேறொருவர் தனியாகச் செய்தாரா: இல்லை
வன்பொருள் உரிமம்: செர்ன்-ஓஎச்எல்-டபிள்யூ-2.0
ஆவண மொழி: தமிழ், ஆங்கிலம்

‘எதற்கு’ என்ற கட்டத்தில் பையன் முதலில் எழுதியது ‘அலங்காரத் தரைக்கல் செய்ய’. பட்டறைக்காரர் பிரஸ் இல்லாமல் என்பதைச் சேர்க்கச் சொன்னார். ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருப்பவர் இதை இறக்கினால், அவர் சட்டத்தின் ஆழத்துக்கு இந்தக் கைப்பிடி முட்டும். பட்டறைக்காரர் பிரஸ்ஸை ஒரு தடவை கோயமுத்தூரில் பார்த்தவர், அவ்வளவுதான். ஆனால் எங்கே முட்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

உரிமத்தை வன்பொருள், ஆவணம், மென்பொருள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது ஓகேஎச்சின் நல்ல குணம். வரைபடத்துக்கு ஒன்று, செய்முறைக் குறிப்புக்கு ஒன்று என்று போடலாம். உரிமத்தின் பெயரை, உரிமங்களுக்குப் பொதுவான குறும்பெயர் தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் உள்ளபடியே எழுதினால் நிரலுக்குப் புரியும். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று பொதுவாக எழுதினால் மனிதருக்கே புரியாது. செர்ன் உரிமத்தின் 2ஆம் பதிப்பு 2020-இல் எஸ், டபிள்யூ, பி என்று மூன்று வகையாக வந்தது. பி வகையில் எடுத்தவர் திருப்பித் தர வேண்டியதில்லை. எஸ் வகையில் அதோடு சேர்த்துச் செய்த வடிவமைப்பையும் திறக்க வேண்டும். டபிள்யூ நடுவில்: அச்சைத் திருத்தினால் திருத்தத்தைத் திறக்க வேண்டும், அதோடு பொருத்தும் தனிப்பட்ட பாகத்தைத் திறக்கக் கட்டாயமில்லை. மூலம் டபிள்யூ என்பதால் எங்களுக்குத் தேர்வே இல்லை. இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்போம். காரணம் பூ.

ஆபத்துக் குறிப்பு என்றொரு கட்டம். பையன் காலியாக விட நினைத்தான். அச்சில் என்ன ஆபத்து? ஈரச் சிமென்ட் கையை அரிக்கும், உலர்ந்த கலவையைத் தூவும்போது தூசி நெஞ்சுக்குப் போகும். பட்டறையில் நாலு பேர் விரல் நுனியைப் பார்த்தால் இந்தக் கட்டம் எதற்கென்று தெரியும். கையுறை, முகக்கவசம் என்று இரண்டு வரி போட்டோம். போட்டதற்கு மறுநாள் பட்டறையில் யாரும் கையுறை மாட்டவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது பட்டறை

இந்தக் கட்டங்களில் எதற்கு மதிப்பு அதிகம் என்று என்னைக் கேட்டால், ‘வேறொருவர் தனியாகச் செய்தாரா’ என்பதைச் சொல்வேன். செய்தவரே மறுபடி செய்வது சோதனை ஆகாது. மண்டையில் இருப்பது கைக்கு வந்துவிடும், தாளில் விட்டுப்போனது தெரியாது.

ஆகவே அதே ஊரில் இன்னொரு பட்டறைக்கும், அவர்களுக்கு அடித்துத் தரும் தேவகோட்டை பிரின்டர் கடைக்கும் மேனிஃபெஸ்டின் முகவரியை மட்டும் கொடுத்தோம். போனில் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. பட்டறைக்காரருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. “போட்டிக்காரனுக்கு நாமளே அச்சு குடுக்கிறதா?” என்றார். பிறகு, பழைய தரைக்கு ஒட்டுப் போடும் சில்லறை வேலை தனக்கு எப்படியும் கட்டாது, ஆளுக்குக் கொஞ்சம் செய்தால் நல்லதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

அச்சு வந்தது, அளவு சரி, கல்லும் சரி. சில நாளில் அச்சு நெளிந்துவிட்டது. கடைக்காரர் பிரின்டரில் மாட்டியிருந்த பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையிலேயே அடித்திருந்தார். பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரியில் இளகத் தொடங்கும். தகரக் கொட்டகையின் ஓரத்தில், சித்திரை வெயிலில், கறுப்பு அச்சு அந்தச் சூட்டை எட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. பையன் அடித்தது பிஇடிஜி என்ற வேறு பிளாஸ்டிக்கில். அது 80 டிகிரி வரை தாங்கும். பொருள் பட்டியலில் பிஇடிஜி என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் வேறொரு கோப்பு. கடைக்காரர் மேனிஃபெஸ்டையும் வடிவக் கோப்பையும் திறந்தார், பட்டியலைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, பிரின்டர் கடையில் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஓகேஎச்சில் கருவி அமைப்புகள் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நாங்கள் பிரின்டருக்கென்று ஒதுக்கி, இழையின் வகை, நாசில், வரி எண்ணிக்கை, அடுக்கு உயரம் நான்கையும் ஒரே சிறு கோப்பில் எழுதி அங்கே இணைத்தோம். விவர வரியின் முதல் வாக்கியத்திலேயே ‘பிஎல்ஏ வேண்டாம்’ என்று சேர்த்தோம். தரநிலைக்காரர்கள் முகம் சுளிக்கலாம். விவரம் என்பது அறிமுகத்துக்கு, எச்சரிக்கைக்கு அல்ல என்பார்கள். படிக்கும் இடத்தில் எழுதுவதுதான் உதவும். மறுபடி அடித்த அச்சு நிற்கிறது. ‘வேறொருவர் தனியாகச் செய்தாரா’ கட்டத்தை ஆம் என்று மாற்றினோம். பதிப்பு எண்ணையும் ஏற்றினோம். எதிலிருந்து எடுத்தோமோ அந்த மூலக் களஞ்சியத்துக்கும் ஒரு மேனிஃபெஸ்ட் எழுதி அனுப்பி வைத்தான் பையன். ஸ்பானிஷ் குறிச்சொற்களுக்கு மொழிபெயர்ப்பு நிரல் உதவியது.

கலரின் பதத்துக்கு மட்டும் இன்னும் கட்டம் இல்லை. செய்முறைக் கட்டத்தில் ஒரு வீடியோ இணைப்பு வைத்திருக்கிறோம்: கரண்டியிலிருந்து கரைசல் விழும் விதம், அச்சைத் தூக்கியதும் கோடு மூடும் விதம். தேடும் நிரலுக்கு அது வெறும் முகவரி.

பூ யாருடையது

அச்சில் இரண்டு பாகம்: வெளிச்சுற்றும் கைப்பிடியும் ஒன்று, உள்ளே பூவின் கோடுகள் இன்னொன்று. பையன் இரண்டையும் ஒரே கோப்பில் வெளியிட இருந்தான். ஆச்சியிடம் கேட்போம் என்றார் பட்டறைக்காரர். சட்டப்படி கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. இந்தியாவில் பதிப்புரிமை ஆக்கியவர் காலத்துக்குப் பின் அறுபது ஆண்டு. யார் வரைந்தது என்றே தெரியாத இந்தப் பூ எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஆச்சிக்குப் பூவைப் பற்றிக் கவலை இல்லை. பையன் தலைப்பில் வீட்டின் விலாசத்தைப் போட்டிருந்தான். பாத்திரத்தில் வெட்டியிருக்குமே, அந்த எழுத்துகளைத்தான். இன்ன வீட்டுப் பூ என்று தேடினால் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். “பூவைப் போட்டுக்கப்பா. வீட்டைப் போடாத. யாரும் இல்லாத வீடு, நிலை கதவெல்லாம் அப்படியே நிக்குது,” என்றார் ஆச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு தடவை சுற்றி வந்தவருக்கு அவர் பயம் விளங்கும். மேனிஃபெஸ்டை நிரல்கள் படித்துப் பல பட்டியல்களுக்கு நகல் எடுத்துவிடும்; ஒரு தடவை வெளியே போன பெயரைத் திரும்ப அழைக்க முடியாது. விலாசம், ஊர், வீட்டுக்குள் எடுத்த படம் மூன்றையும் நீக்கினோம். படத்தில் ஒளிந்திருந்த இடக் குறிப்பையும் அழிக்க வேண்டியிருந்தது. போனில் எடுக்கும் படம் அதையும் சுமந்துகொண்டு வரும்.

பட்டறைக்காரரின் கணக்கு வேறு. “வெளிச்சுற்றை யாரு வேணாலும் எடுத்துக்கட்டும். பூ எங்க பூ,” என்றார். அவர் பட்டறையில் அப்பா காலத்துப் பூக்கள் நூற்றுக்குக் குறையாமல் இருக்கின்றன; அவற்றை வைத்துத்தான் வியாபாரம். டபிள்யூ உரிமம் இதற்கு இடம் கொடுக்கிறது. வெளிச்சுற்றும் கைப்பிடியும் திறந்த வடிவமைப்பு. பூ என்பது பயன்படுத்துபவர் தாமே வரைந்து உள்ளே பொருத்தும் கோட்டுப் படம். மாதிரிக்கு ஆச்சி சம்மதித்த பூ ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறோம், உரிமம் தனியாகக் குறிப்பிட்டு.

ஓஷ்வா பதிவுக்கு இன்னும் போகவில்லை. உறுதிமொழி கொடுக்கும் முன் பன்னிரண்டு இஞ்சுக் கல்லுக்கும் அதே அட்டவணை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் கூடினால் நடுச்சுவர் வளைகிறது. இந்தக் குறையை மேனிஃபெஸ்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மாமனும் மாப்பிள்ளையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்கு அது ‘எதற்கு’ கட்டத்தில், பிரஸ் வாக்கியத்துக்கு அடுத்து, ‘பத்து இஞ்சு வரை மட்டும்’ என்று இருக்கிறது.